கேபிளுக்குள்ள மாட்டிக்கிற மின்னூட்டம்

இன்னைக்கு மண்ணுக்கடியில இருக்கிற ஒரு பிளாஸ்டிக் உறையைப் பத்திப் பேசப்போறோம்.

சத்தீஸ்கர்ல இருக்கிற ராய்கர்ல இருந்து நம்ம புகளூர் வரைக்கும் 800 கிலோவோல்ட் டி.சி. லைன் ஒண்ணு வருது. புகளூர்ல இருந்து திருச்சூருக்கு இன்னொரு டி.சி. லைன் போகுது: 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட். 2021 பிப்ரவரியில திறந்தாங்க. பெரும்பாலான தூரம் டவர் மேலதான். ஆனா கேரளாவுக்குள்ள வீடும் தோட்டமும் நெருக்கமா இருக்கிற பகுதியில டவருக்கு இடம் கிடைக்கிறது கஷ்டம். அதனால கடைசி சுமார் 27 கிலோமீட்டர் மட்டும் மண்ணுக்கடியில கேபிளாப் போகுது.

டவர் கம்பிக்குச் சுத்தியிருக்கிற காத்தே இன்சுலேஷன். மண்ணுக்கடியில அந்த வேலையைச் செய்யறது எக்ஸ்.எல்.பி.இ. அதாவது, பால் பாக்கெட் செய்யற பாலிஎத்திலீன் குடும்பம்தான். மூலக்கூறுகளை ஒண்ணோட ஒண்ணு குறுக்கே பின்னி, சூட்டுல உருகாத மாதிரி ஆக்கியிருப்பாங்க. இந்த அளவு கேபிள்ல உறையோட தடிமன் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்க: ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 16 கிலோவோல்ட். காத்தா இருந்தா 3 கிலோவோல்ட்லயே பொறி பறந்திருக்கும்.

ஏ.சி.யில வராத பிரச்சினை

இதே பிளாஸ்டிக் பல பத்தாண்டுகளா ஏ.சி. கேபிள்ல வேலை செய்யுது. அப்புறம் டி.சி.க்கு மட்டும் என்ன தலைவலி?

எந்த இன்சுலேட்டரும் நூறு சதவீதம் அடைப்பு கிடையாது. கொஞ்சம் எலக்ட்ரான்கள் கம்பியில இருந்து பிளாஸ்டிக்குக்குள்ள கசியத்தான் செய்யும். ஏ.சி.யில மின்புலம் ஒரு நொடிக்கு 100 தடவை திசை மாறுது. உள்ளே ஒரு அடி வச்ச எலக்ட்ரானை அடுத்த கணமே வெளியே இழுத்துடும். டி.சி.யில தள்ளுறது ஒரே பக்கமாத்தான், மாசக்கணக்கா. உள்ளே போன எலக்ட்ரான் பிளாஸ்டிக்ல இருக்கிற சின்னச் சின்னக் குழிகள்ல மாட்டிக்கும். சீக்கிரம் வெளியே வராது. இப்படிச் சேர்ந்து நிக்கிறதுதான் வெளி மின்னூட்டம், ஸ்பேஸ் சார்ஜ்.

பீக் ஹவர் டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. ஏறினவங்க படிக்கட்டுலயே நின்னுட்டா அடுத்து ஏறுறது கஷ்டம். கம்பிக்குப் பக்கத்துல அதே வகை மின்னூட்டம் நின்னா, அந்த இடத்துல மின்புலம் குறையும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மொத்த வோல்டேஜ் மாறல இல்லையா? அங்க குறைஞ்சது வேற இடத்துல ஏறியாகணும்.

இன்னொரு வகை இதைவிட மோசம். பாலிஎத்திலீனைப் பின்னறதுக்குச் சேர்க்கிற பெராக்சைடு, அசெட்டோஃபீனோன் மாதிரி சில மிச்சங்களை உள்ளே விட்டுட்டுப் போகும். அவை அயனியாப் பிரிஞ்சு எதிர் மின்முனைப் பக்கம் போய் நின்னா, அங்க மின்புலம் இன்னும் கூடும். அதனாலதான் கேபிளை நாள்கணக்கா சூடான அறையில வச்சு அந்த ஆவியை வெளியேத்துறாங்க.

சூடும் ஒரு காரணம். கரண்ட் ஓடினா கம்பிப் பக்கம் சூடாகும். சூடான பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கொஞ்சம் அதிகமா கடத்தும். அதனால அழுத்தம் உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கத்துக்கு நகரும். லோடு ஏற ஏற, கேபிளோட பலவீனமான இடமே மாறலாம்.

போலாரிட்டி மாறினா?

பழைய டி.சி. முறையில மின்சாரத்தைத் திருப்பி அனுப்பணும்னா பிளஸ்ஸை மைனஸ் ஆக்கணும். வெளியில வோல்டேஜ் மாறிடும். உள்ளே மாட்டினது மாறாது. அதுவரைக்கும் கம்பிப் பக்கத்துல மின்புலத்தைக் குறைச்ச அதே மின்னூட்டம், இப்போ கூட்டுது. உறை பிளந்துபோற ஆபத்து அந்த நேரத்துலதான் அதிகம்.

1954-ல் ஸ்வீடன் காட்லாண்ட் தீவுக்குக் கடலடியில 100 கிலோவோல்ட் டி.சி. கேபிள் போட்டப்போ எண்ணெய் ஊறின காகிதத்தைத்தான் நம்பினாங்க. அதே தீவுலதான் 1999-ல் எக்ஸ்.எல்.பி.இ. டி.சி. கேபிள் வணிக ரீதியா முதல்ல வந்துச்சு: 80 கிலோவோல்ட், 50 மெகாவாட். வழிவிட்டது புது வகை கன்வெர்ட்டர். அது வோல்டேஜைத் தொடாம, கரண்ட்டோட திசையை மட்டும் மாத்தும். புகளூர்–திருச்சூர்லயும் இந்த வகைதான். ஜப்பான்காரங்க வேற வழியில போனாங்க. பிளாஸ்டிக்ல மிக நுண்ணிய கனிமத்துகளைக் கலந்து, போலாரிட்டி மாறினாலும் தாங்குற கேபிளை 2012-ல் ஹொக்கைடோ–ஹொன்ஷு இணைப்புல ஓடவிட்டாங்க.

கண்ணுக்குத் தெரியாததைக் காதால

2 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்குள்ள எது எங்க நிக்குதுன்னு எப்படித் தெரியும்? கேட்டுத்தான்! மிகச் சின்ன மின் துடிப்பு ஒண்ணு கொடுத்தா, மாட்டியிருக்கிற மின்னூட்டம் லேசா அதிரும். அந்த அதிர்வு ஒலி அலையா வெளியே வரும். எவ்வளவு நேரத்துல வருதுன்னு பார்த்தா இடம் தெரியும். எவ்வளவு பலமா வருதுன்னு பார்த்தா அளவு தெரியும். ஜப்பான்ல 1980-கள்ல வளர்ந்த முறை இது.

இதெல்லாம் லேப் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. டவர்ல கோளாறுன்னா கண்ணால பார்த்துடலாம். மண்ணுக்கடியில உறை போச்சுன்னா இடத்தைக் கண்டுபிடிச்சு, ரோட்டைத் தோண்டி, பழுதை வெட்டி, புது ஜாயின்ட் போடணும். அதுவரைக்கும் அந்தக் கேபிள்ல மின்சாரம் போகாது. வேலையில இறங்குறதுக்கு முன்னாடி கேபிளை எர்த் பண்ணி, எர்த்லயே வச்சிருக்கவும் வேணும். ஏன்னா, ஸ்விட்சை அணைச்சாலும் உள்ளே மாட்டினது உடனே போயிடாது; எர்த்தை எடுத்துட்டா மெல்ல மெல்ல வோல்டேஜ் திரும்ப ஏறும்.