சிவப்புக் கதவும் வேலைப் பட்டியலும்

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு சின்னக் கோயிலைப் பற்றி. 2023இல் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஐந்து மாதமும் ஞாயிறுதோறும் அங்கே போய் வந்தேன். பாளையங்கோட்டைக்காரர்களான எங்களுக்குச் சர்ச்சும் கோயில்தான். தில்லிக்கு வந்து முப்பது வருஷமாகியும் அந்த வார்த்தை மாறவில்லை.

அது எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்த கோயில். அமெரிக்கா விடுதலை பெற்றபின் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து தனியாகி, 1789இல் தனக்கென்று சட்டதிட்டம் வகுத்துக்கொண்ட சபை அது. ஆங்கிலிக்கன் குடும்பத்தில் அதுவும் உண்டு, 1947இல் பிறந்த நம் தென்னிந்தியத் திருச்சபையும் உண்டு. ஆகவே எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மனிதர்கள்தாம் புதியவர்கள்.

ஞாயிறு காலை எழுபது பேர் வந்தால் அதிகம். வெள்ளையர், கறுப்பர், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த நர்சுகள், சக்கர நாற்காலியில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை, பல வருஷமாக ஒரே குடும்பமாக வாழும் இரண்டு வயதான ஆண்கள். ஆராதனை நடத்தியவர் ஒரு பெண் குருவானவர். சிவப்பு வண்ணம் பூசிய கதவருகே நின்றவர் என் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

திருவிருந்துக்கு முன் குருவானவர் ஓர் அறிவிப்புச் செய்வார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் எந்தச் சபையாரானாலும் வரலாம். மற்றவர்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால் ஆசீர்வாதம் உண்டு. மகளின் பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாள் ஒருநாள் என்னோடு வந்து அப்படித்தான் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார். முடிந்ததும் பின்கூடத்தில் எல்லோருக்கும் காப்பி, கேக்.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தானே? எனக்கு மூன்று வாரம் கிடைத்தது. நான்காவது வாரம் ஓர் அம்மாள் கையில் தாளோடு வந்தார். "வியாழக்கிழமை உணவுப் பைகள் கட்ட ஆள் குறைகிறது. உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா?" என்றார். அதற்குப்பின் வியாழன்தோறும் அரிசியும் பீன்ஸ் டின்னும் பாஸ்தாவும் அளந்து பைகளில் போடுவது என் வேலையாயிற்று. காப்பி கொடுத்தபோது நான் விருந்தாளி. பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான் அந்த வீட்டு மனுஷி.

வாசல் திறந்தது, வாக்கு கிடைக்கவில்லை

விருந்தாளிக்கும் வீட்டு மனுஷிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அந்தத் திருச்சபை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் அங்கே பல கோயில்களில் பெஞ்சுகளுக்கு வாடகை உண்டு. காசுள்ள குடும்பத்துக்கு முன்வரிசை. ஏழைகளுக்கும் கறுப்பர்களுக்கும் பின்வரிசை அல்லது மாடி.

அடிமையாகப் பிறந்து பின்னர் விடுதலை பெற்றவர் அப்சலோம் ஜோன்ஸ். பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்டு கோயிலில் அவரும் தோழர்களும் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருக்கையில், அது உங்களுக்கான இடமல்ல என்று பிடித்து எழுப்பினார்கள். வெளியேறிய அவர்களில் ஒரு பகுதியினர் அமைத்த புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோபல் கோயிலை, 1794இல் எபிஸ்கோபல் திருச்சபை சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: திருமண்டலப் பேரவையில் அவர்களுக்குப் பிரதிநிதி கிடையாது. ஜோன்ஸ் அந்தத் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானார். அவருடைய சபை பேரவையில் உட்கார ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

நாம் சிரிப்பதற்கில்லை. கோயிலுக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

பெண்கள் கதையும் இதே போன்றதுதான். தேசியப் பேரவையில் பெண் பிரதிநிதிகள் உட்கார்ந்தது 1970இல்தான். 1974இல் பிலடெல்பியாவில் பதினொரு பெண்கள் அனுமதியின்றியே குருப்பட்டம் பெற்றார்கள்; பெரிய புயல் எழுந்தது. 1976இல் பேரவை சம்மதித்தது. அந்தப் பிலடெல்பியா ஊர்வலத்தில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்த பார்பரா ஹாரிஸ், 1989இல் ஆங்கிலிக்கன் உலகிலேயே முதல் பெண் பேராயர் ஆனார். தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2013இல், நந்தியாலில்.

2003இல் ஓர் ஆணோடு குடும்பம் நடத்திவந்த ஜீன் ராபின்சன் நியூ ஹாம்ப்ஷயர் பேராயராகத் தேர்வானார். அதை ஏற்காத சபைகள் பல விலகி, 2009இல் தனித் திருச்சபை அமைத்துக்கொண்டன. கட்டடம் யாருக்கு என்று வழக்குகளும் நடந்தன. 2015இல் ஒரே பாலினத்தவர் திருமணத்தையும் பேரவை ஏற்றது. எல்லோருக்கும் இடம் என்று சொன்னதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதல்ல.

என் வீட்டிலும் இது புகைந்தது. என் கணவரின் தங்கை நாசரேத்திலிருந்து போனில் கேட்டாள்: "மதினி, அந்த மாதிரிக் கோயிலுக்கா போறீங்க? நம்ம ஐயருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"ஜெபமும் பாட்டும் நம்ம ஊரு மாதிரிதாம்மா. பக்கத்துல உட்கார்ந்து பாட்டுப் புஸ்தகத்தைப் பிரிச்சுக் கொடுக்கிறவங்களை, எந்திரிச்சுப் போங்கன்னு நான் சொல்லணுமா?" என்றேன்.

என் பதில் அவளுக்குத் திருப்தி தரவில்லை. இன்றும் அந்தப் பேச்சு வந்தால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை.

பெஞ்சு போன கோயில்

ஒரு சனிக்கிழமை மகள் என்னை ரயிலில் நியூயார்க் அழைத்துப் போனாள். மன்ஹாட்டன் ஒன்பதாவது அவென்யூவில், 28ஆம் தெரு முனையில், பரிசுத்த அப்போஸ்தலர் கோயில் இருக்கிறது. 1840களில் கட்டியது. இந்தச் சபை 1982இல் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தது. 1990இல் தீப்பிடித்துக் கூரை போயிற்று, சாப்பாடு நிற்கவில்லை. 1994இல் சீரமைத்து முடித்தபோது பழைய பெஞ்சுகளைத் திரும்பப் போடவில்லை. ஞாயிறன்று ஆராதனை நடக்கும் அதே இடத்தில் வாரநாட்களில் மேசை போட்டுப் பரிமாறத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிட்ட காலமும் உண்டு. சாப்பிட வருபவரிடம் மதம் கேட்பதில்லை. நெல்லைச் சீமையில் வருஷத்துக்கு ஒருநாள் நடக்கும் கோயில் அசனம் எனக்கு நினைவுக்கு வந்தது. வாடகை வாங்கிய பெஞ்சு ஒரு காலம்; பெஞ்சையே எடுத்துவிட்டு இலை போட்டது இன்னொரு காலம்.

நான் போன கோயில் அவ்வளவு பெரிய காரியம் எதுவும் செய்யவில்லை. ஓட்டுக்கூரை ஒழுகியது, பழுதுபார்க்கப் பணம் போதவில்லை, இளைஞர்கள் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நம் ஊரில் குருவானவரைப் பேராயர் மாற்றி அனுப்புவார். அங்கே வெஸ்ட்ரி என்னும் சேகரக் கமிட்டி, பேராயரோடு கலந்து, தங்கள் குருவானவரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அந்தக் கமிட்டியைச் சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் போனபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அந்தக் கரீபிய நர்சுகளில் ஒருவர். கணக்கு வழக்கைப் பார்த்தவர் அந்த இரண்டு ஆண்களில் மூத்தவர். இருவரும் முறை வரும்போது காப்பிக் கோப்பையும் கழுவினார்கள்.

எல்லாரையும் வரவேற்கிறோம் என்று வாசலில் பலகை வைப்பது எந்தச் சபைக்கும் சங்கத்துக்கும் எளிது. உள்ளே கமிட்டியில் யார் உட்காருகிறார்கள், கோப்பையை யார் கழுவுகிறார்கள் என்று பார்த்தால் உண்மை தெரியும். இரண்டிலும் ஒரே பெயர்கள் இருந்தால் அந்தப் பலகையை நம்பலாம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அன்பர்கள் பகலெல்லாம் தனியே வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். பக்கத்தில் கோயிலோ, கோவிலோ, நூலகமோ எது இருந்தாலும் போய் உட்காருங்கள். மூன்று வாரம் காப்பி குடியுங்கள். நான்காவது வாரம் யாரும் வேலை கேட்டு வராவிட்டால், நீங்களே போய்க் கேளுங்கள்.