எந்த நாட்டுப் படம், யாருடைய குரல்?

ஒரு படம் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று எதை வைத்துச் சொல்வது? முதலீட்டை வைத்தா, மொழியை வைத்தா?

செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் மார்சேய் துறைமுகத்தில் கூலித் தொழிலாளியாக இருந்தவர். பிரெஞ்சில் நாவல்கள் எழுதினார். தம் மக்களில் பெரும்பாலோர் அவற்றைப் படிக்க முடியாது என்பதால், நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோ சென்று சினிமா கற்றார். அதற்கு முன், 1934இன் லவால் ஆணைப்படி, பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில் படமெடுக்க ஆட்சியாளர்களின் அனுமதி வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கர் கேமராவுக்கு முன்னால் நிற்கலாம். பின்னால் நிற்பது அரிது.

1966இல் வந்த அவருடைய 'கறுப்புப் பெண்' படத்தில், டக்காரிலிருந்து பிரான்சுக்கு வீட்டுவேலைக்குப் போன டியுவானாவுக்கு ஊரிலிருந்து கடிதம் வருகிறது. அவளுக்கு எழுதத் தெரியாது. எஜமானரே அவள் பெயரில் பதில் எழுதத் தொடங்குகிறார். அவள் கடிதத்தைக் கிழித்துப்போடுகிறாள். ஆனால் அவளுடைய மனக்குரலோ படத்தில் பிரெஞ்சில்தான் ஒலிக்கிறது.

இந்த முரண்பாட்டை செம்பேன் அப்படியே விட்டுவிடவில்லை. 1968இல் 'மந்தாபி' படத்தைப் பிரெஞ்சு நிதியுதவியோடுதான் எடுத்தார். பிரெஞ்சில் ஒரு வடிவம் எடுத்துக் கொடுத்தார். கூடவே தம் மக்கள் பேசும் வோலோஃப் மொழியிலும் எடுத்தார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த வோலோஃப் படத்தைத்தான்.

பணம் எல்லை தாண்டி வரலாம். நம் கடிதத்தை நாம்தான் எழுத வேண்டும்.