பள்ளிகளை ஒப்பிடும் அளவுகோல்: ராதாபுரம் வட்டாரத்தை முன்வைத்து

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ராதாபுரம் வட்டாரத்தில், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு மே மாதமும், எந்தப் பள்ளி எத்தனை விழுக்காடு தேர்ச்சி பெற்றது என்பதே பெற்றோர் பேச்சிலும் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டங்களிலும் முதலிடம் பெறுகிறது. தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினர் என்று கூறும் தேர்ச்சி விழுக்காடு எளிதில் விளங்கக்கூடியது. ஆனால் ஒரு பள்ளி நன்றாகக் கற்பிக்கிறதா என்ற கேள்விக்கு அது தனித்து நின்று விடை சொல்லாது.

இவ்வட்டாரப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளின் சூழல் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. இடிந்தகரை, பெருமணல், கூத்தங்குழி முதலிய கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தொழிலை நம்பிய குடும்பங்களும், உட்பகுதியில் மானாவாரி நிலத்தையும் பனையையும் கூலி வேலையையும் நம்பிய குடும்பங்களும் வாழ்கின்றன. அரசுப் பள்ளிகளோடு, தனியார் நிர்வாகம் நடத்த, ஆசிரியர் ஊதியத்தை அரசு வழங்கும் உதவிபெறும் பள்ளிகளும், கட்டணம் பெறும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் இங்கு உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையப் பணியாளர்களின் குடியிருப்பான அணுவிஜய் நகரியத்தில் உள்ள அணுசக்தி மத்தியப் பள்ளியோ சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. பாடத்திட்டமும் தேர்வும் வேறாக இருப்பதால், அதையும் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது பொருந்தாது.

தமிழக அளவிலான விவரமும் இதையே உணர்த்துகிறது. 2024ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடாக இருக்க, அரசுப் பள்ளிகள் 87.90 விழுக்காடும், தனியார் பள்ளிகள் 97.43 விழுக்காடும் பெற்றன. இந்த இடைவெளி முழுவதையும் கற்பித்தலின் ஏற்றத்தாழ்வாகக் கொள்ள முடியாது; கட்டணம் செலுத்தும் வசதியும் வீட்டில் படிப்பைக் கவனிக்கும் வாய்ப்பும் உள்ள பிள்ளைகள் ஒரு பக்கம் சேர, நாடி வரும் எல்லாப் பிள்ளைகளையும், வேறு பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழோடு அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளும் கடமை அரசுப் பள்ளிக்கு இருக்கிறது.

ஒப்பீட்டில் பெரும்பாலும் கவனிக்கப்படாதது, விழுக்காட்டைக் கணக்கிடும் அடித்தளம். கற்பனையாக இரு பள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 30 பேர் படித்து, ஐவர் இடையில் நின்றுவிட, எஞ்சிய 25 பேரும் தேர்வெழுதித் தேறினால், அது நூறு விழுக்காட்டுப் பள்ளி என்று பாராட்டப்படும். இரண்டாம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்த 60 பேரும் தேர்வெழுதி, 54 பேர் தேறினால், அதன் தேர்ச்சி 90 விழுக்காடுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணக்கிட்டால், முதல் பள்ளி 83 விழுக்காட்டினரையும், இரண்டாம் பள்ளி 90 விழுக்காட்டினரையும் கரைசேர்த்திருக்கிறது. படிப்பைப் பாதியில் விடும் இடைநிற்றலைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு, பின்தங்கிய மாணவரைத் தக்கவைக்கப் பாடுபடும் பள்ளியைத் தண்டிப்பதாகவும், தேர்வெழுதுவோரின் பெயர்ப்பட்டியல் தயாராகும் முன்பே அவரைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி வெளியேற்றும் பள்ளிக்குப் பரிசளிப்பதாகவும் முடியும்.

மாணவர் எண்ணிக்கையும் கருதத்தக்கது. இருபது பேர் மட்டுமே எழுதும் சிற்றூர்ப் பள்ளியில் ஒருவர் தவறினாலே ஐந்து விழுக்காடு குறைந்துவிடும்; இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே இழப்பு அரை விழுக்காடுதான். ஆகவே சிறிய பள்ளிகளை ஓராண்டு முடிவைக் கொண்டு மதிப்பிடாமல், மூன்று அல்லது ஐந்து ஆண்டுச் சராசரியைக் கொண்டு பார்ப்பதே முறையாகும். அப்போதும், பொதுத்தேர்வு நடைபெறாமல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேறியதாக அறிவிக்கப்பட்ட 2020, 2021ஆம் ஆண்டுகளை விலக்கிவிட வேண்டும்.

தேர்ச்சி என்ற எல்லைக்கோடும் கற்றலின் ஆழத்தைக் காட்டுவதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைத் தேர்வுக்குரிய 25 மதிப்பெண்ணில் 15 பெற்ற மாணவர், எழுத்துத்தேர்வில் 75க்கு 20 எடுத்தால் 35 மதிப்பெண்ணோடு தேறிவிடுகிறார். தொண்ணூற்றைந்து பெற்றவரும் அவரும் தேர்ச்சிக் கணக்கில் ஒன்றே. மாணவர்கள் எந்தெந்த மதிப்பெண் வரம்புகளில் பரவியிருக்கின்றனர், எந்தப் பாடத்தில் பலர் விளிம்பில் நிற்கின்றனர் என்ற பகுப்பாய்வே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பயன்படுவது. மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டு கைவிட்டதற்கு, போட்டியால் மாணவர்மீது ஏறும் மன அழுத்தம் காரணமாயிற்று. அதே பரிவு பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் போதும் தேவை.

நேர்மையான ஒப்பீடு, ஒத்த சூழலில் உள்ள பள்ளிகளை அருகருகே வைத்து, ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது மாணவரின் எழுத்தறிவும் கணக்கறிவும் எந்நிலையில் இருந்தன, பத்தாம் வகுப்பு முடியும்போது எவ்வளவு வளர்ந்தன என்று பார்ப்பதாகும். கல்வியாளர்கள் இதைக் கற்றல் முன்னேற்றம் என்பர். இதனோடு, கணக்கு, அறிவியல் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை மாதம் காலியாக இருந்தன என்ற விவரமும் இணைக்கப்பட வேண்டும். ஆண்டின் பாதியில் ஆசிரியரைப் பெற்ற பள்ளியிடம் முழு ஆண்டின் விளைவை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இவ்விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமை ஊராருக்கு இருக்கிறது. பெற்றோரைப் பெரும்பான்மை உறுப்பினராகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு, 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைவது. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு நில்லாமல், ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் தேர்வுக்கூடத்துக்கு வந்தனர், வராதவர் இன்று எங்கே இருக்கின்றனர், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று ராதாபுரம் வட்டாரக் குழுக்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுத் தீர்மானமாகப் பதிவுசெய்தால், பள்ளிகளின் ஒப்பீடு உதவி தேவைப்படும் இடத்துக்கு ஆசிரியரையும் வளத்தையும் கொண்டுசேர்க்கும் கருவியாக மாறும்.