இளம் வயதில் மூச்சு வாங்குவது ஏன்?



வயசானவர்கள் மலை ஏறும்போது நின்று நின்று ஏறினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளை பாதி மலையில் நின்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால் உடனே பேச்சு வந்துவிடும். "இந்த வயசுல எங்களுக்கெல்லாம் இப்படியா இருந்துச்சு? உடம்பு வளையல, அவ்வளவுதான்." கங்காணியும் சொல்வார், மாமியாரும் சொல்வார், சில வீட்டில் பெற்ற தாயே சொல்வார். நானும் ஒரு தடவை கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துகொண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல வருஷத்துக்கு முன் நான் இருந்த ஒரு தோட்டத்தில், கலியாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண் நிறுவைக்கு எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். வந்ததும் கல்லின் மேல் உட்கார்ந்துவிடுவாள். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வெளிறின மாதிரி தெரிந்தது. "இரத்தம் குறைவும்மா, கீரை சாப்பிடு, டானிக் வாங்கிக் குடி" என்று சொல்லிவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டேன். ஆறாம் மாத கர்ப்பத்தில் ஒரு ராத்திரி அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது, உட்கார்ந்தால்தான் கொஞ்சம் சுகம். விடியும்வரை சுவரில் சாய்ந்தே இருந்திருக்கிறாள். காலையில் இருமலோடு நுரையும் இரத்தமும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். இருதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப் போயிருந்தது.

அப்போதுதான் அவளுடைய தாய்க்குப் பழைய விஷயம் ஞாபகம் வந்தது. பத்து வயசில் பிள்ளைக்கு முழங்கால் வீங்கியது, அது ஆற முன்னே கணுக்கால், பிறகு கை மூட்டு. ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைத்து, ஒழுங்காக ஊசி போட வரச் சொன்னார்கள். இரண்டு வருஷம் போனார்கள். பிள்ளை ஓடியாடித் திரிந்தாள். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, தாய்க்கு ஒரு நாள் பேர் இல்லை. விட்டுவிட்டார்கள்.

இது வாதக் காய்ச்சல் என்ற வருத்தம். சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் கிருமி பட்டு நோவு வரும். அது சுகமாகி இரண்டு மூன்று கிழமையில் சிலருக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். மூட்டு நோவு போய்விடும், ஆனால் இருதய வால்வில் தழும்பு விழலாம். அந்தத் தழும்பு வருஷக்கணக்கில் மெதுவாக வால்வைச் சுருக்கும். நெரிசலான காம்பராவில் ஆறேழு பேர் ஒன்றாகப் படுக்கும் இடங்களில் தொண்டைக் கிருமி சுலபமாகப் பரவும். எங்கள் லயங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. சுருங்கிய வால்வால் அவ்வளவையும் அனுப்ப முடியாமல், தண்ணீர் நுரையீரலில் தேங்குகிறது. அதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்த பெண்ணுக்கு அப்போதுதான் வெளியே தெரிகிறது. மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தடவை போடும் பென்சிலின் ஊசி, காய்ச்சல் திரும்ப வந்து வால்வு இன்னும் கெடாமல் தடுப்பதற்காகத்தான். பிள்ளை நல்லாயிருக்கிறது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். எத்தனை வயசு வரை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என்றாலும், எங்கள் பெண்களில் மூச்சு வாங்குவதற்கு அடிக்கடி காரணம் இரத்தக்குறைவுதான். அதை மறுக்க முடியாது. நாம் இழுக்கும் காற்றை உடம்பெல்லாம் கொண்டுபோவது இரத்தத்தில் உள்ள சிவப்புச் சத்து. அது குறைந்தால் நெஞ்சு வேகமாக அடித்தும், மூச்சை வேகமாக வாங்கியும் உடம்பு ஈடுகட்டப் பார்க்கும். பெண்களுக்கு அந்த அளவு 12க்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு 11க்கும், ஆண்களுக்கு 13க்கும் குறையக்கூடாது. மாதவிலக்கில் அதிகம் போகிறவர்கள், அடுத்தடுத்து பிள்ளை பெற்றவர்கள், பச்சை அரிசியும் மண்ணும் தின்ன ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும்.

கொக்கிப்புழுவும் ஒரு காரணம். மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரித்து, வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே போகும். குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவுக்கு எதிராக வேலை தொடங்கினார்கள். நூறு வருஷம் தாண்டியும் மலையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பூச்சி மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் மிட்வைப் சொல்கிற மாதத்தில்தான் போட வேண்டும்.

இரும்பு மாத்திரை தின்றால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து மாத்திரையை அடுப்பில் போட்ட பெண்களை எனக்குத் தெரியும். கறுப்பாகப் போவது சாதாரணம். இன்னொன்று, சொன்னால் கோபப்படாதீர்கள். ரொட்டியோடு சாயத்தண்ணி குடிப்பது எங்கள் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. நாங்களே பறித்த கொழுந்து எங்கள் இரத்தத்துக்கே எதிராக நிற்கிறது! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு குடியுங்கள். மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே வேண்டாம், எலுமிச்சைத் தண்ணியோடு விழுங்கலாம். கீரையோடு நெத்தலி, கருவாடு, ஈரல் கிடைக்கிற நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியிலும் விடியற்காலையிலும் நெஞ்சு விசிலடிக்கிற மாதிரி சத்தம் போட்டு இழுத்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். பனியும் குளிரும் தூண்டும். அதைவிட, புகைபோக்கி இல்லாத குசினியில் ஈர விறகின் புகை மோசம். ஸ்டோரில் சலிக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தேயிலைத் தூசினாலும் வரும். நம் நாட்டு நெஞ்சு நோய் வைத்தியர் டாக்டர் சி. ஜி. ஊரகொட இதை 1970ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். லீவு நாளில் சுகம், வேலைக்குப் போனால் இழுப்பு என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். 'பம்ப்' அடித்தால் பழக்கமாகிவிடும் என்று சொல்வது பொய்ப் பேச்சு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடம்பு மெலிவு இருந்தால் சளி சோதிக்க வேண்டும். காசநோய்க்கு மருந்து அரசாங்கத்தில் இலவசம், சாதாரணமாக ஆறு மாதத்தில் சுகமாகும்.

மனக்கஷ்டத்தாலும் மூச்சு முட்டும். சோதனை நேரத்தில், வீட்டுச் சண்டைக்குப் பிறகு, மூச்சு போதவில்லை என்று வேகவேகமாக இழுப்பார்கள். விரலும் உதடும் விறுவிறுக்கும். இது நடிப்பும் இல்லை, பேயும் இல்லை. கோடாங்கியைக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கட்டும். மற்றக் காரணம் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனசு என்று சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போனால் "மூச்சு வாங்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எப்போது தொடங்கியது, மலை ஏறும்போதா படுக்கும்போதா, எத்தனை தலையணை வேண்டும், கால் வீங்குகிறதா, சின்ன வயசில் மூட்டு வீக்கம் வந்ததா என்று சொல்லுங்கள். தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய கதை அவருக்குத்தான் தெரியும்.

உதடு நீலமானால், ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், இரத்தம் துப்பினால், திடீரென ஒரு பக்க நெஞ்சில் குத்தி மூச்சு நின்றால், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வாகனம் வராத இடத்தில் ரோட்டுக்குத் தூக்கி வரத்தான் வேண்டும். அப்போது கம்பளியில் படுக்கப் போட்டுத் தூக்காதீர்கள். ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்து, நாலு பேர் பிடித்துக்கொண்டு வாருங்கள்.