தண்ணீர் கறுத்தால் விஷமா? வீடு தேடி வரும் ஆர்.ஓ. 'டெமோ'வும் கைகொடுக்காத வாரன்டியும்: தருமபுரிக்காரர்கள் ஏமாறாமல் இருக்க என்ன வழி?

மதியம் 2 மணி. வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். மகன் பெங்களூரில் வேலை, மகள் ஓசூரில். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பையோடு வாசலில் ஓர் இளைஞர். "அம்மா, இந்த ஏரியாவுல தண்ணி டெஸ்ட் பண்றோம். ஃப்ரீதான், காசு எதுவும் வேணாம்."

இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் பையில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் இறங்குகிற மாதிரி ஒரு சின்னக் கருவியை வைத்து, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போடுவார். ஒரே நிமிடம். குழாய்த் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, கடைசியில் சாக்கடை மாதிரி கறுத்துவிடும். அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும்.

"இதைத்தாம்மா டெய்லி குடிக்கிறீங்க. பேரப் புள்ளைங்க லீவுக்கு வந்தா அதுங்களும் இதைத்தான் குடிக்கும்."

அந்த வார்த்தைக்குப் பிறகு யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இந்த 'டெமோ' நாடு முழுக்க நடப்பதுதான். ஆனால், தருமபுரியில் இது பலிப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இங்கே தண்ணீர் மீதான பயம் கற்பனை இல்லை.

பயம் நிஜம்தான்

மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கடினப் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து அது மெல்லக் கரைந்து போர்வெல் தண்ணீரில் கலக்கிறது. பல் முளைக்கும் வயதில் இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளுக்குப் பற்களில் மஞ்சள், பழுப்புக் கறை படியும். பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பல வருடங்கள் அதிக அளவில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்பதும் சேர்ந்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர, ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் போடப்பட்ட திட்டம் அது. 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆக, "உங்க ஊர் தண்ணி சரியில்லைம்மா" என்று ஒருவர் சொன்னால் அது முழுப் பொய் இல்லை. அதை நிரூபிக்க அவர் காட்டும் வித்தைதான் பொய்.

டம்ளருக்குள் என்ன நடக்கிறது?

கருவியில் ஒரு டம்ளருக்கு இரண்டு கம்பிகள். வழக்கமாக ஒன்று இரும்பு, மற்றது அலுமினியம். தாது உப்புகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து, துருவாக மாறித் தண்ணீரில் கலக்கும். அந்தப் பச்சையும் பழுப்பும் கறுப்பும் கம்பியிலிருந்து வந்தவை. வீட்டுத் தண்ணீரில் ஏற்கெனவே இருந்த அழுக்கு அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த அதே மின்னாற்பகுப்புதான்.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் கிட்டத்தட்ட இல்லை என்பதால் மின்சாரம் சரியாக ஓடாது. கம்பி கரையாது, நிறமும் மாறாது. அவ்வளவுதான் ரகசியம்.

இதை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். அவர் கொண்டுவந்த 'சுத்தமான' தண்ணீரில் சமையலறை உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டு, "இப்ப இதுல வைங்க தம்பி" என்று சொல்ல வேண்டும். அதுவும் கலங்கி நிறம் மாறும். நாம் தினமும் ரசத்தில் போடுகிற அதே உப்பு!

இன்னொரு வித்தை, சொட்டு மருந்து. குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். "பாத்தீங்களா, கெமிக்கல்" என்பார்கள். ஓ.டி.ஓ. எனப்படும் அந்தத் திரவம் தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்துதான் குடிநீரை விநியோகிக்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500-ம், குளோரின் கலந்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. மஞ்சள் வந்தால் பஞ்சாயத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர். இது போலி இல்லை. ஆனால், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் தோராயமாகக் காட்டும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டி.டி.எஸ். 300 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 2 மில்லிகிராம் இருக்கலாம். 700 காட்டும் தண்ணீரில் அரை மில்லிகிராம்கூட இல்லாமல் போகலாம். தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. டி.டி.எஸ். என்றால் 500 வரை ஏற்கத்தக்கது, மாற்று இல்லையென்றால் 2,000 வரை அனுமதி.

ஃபுளோரைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். புற ஊதா விளக்கு மட்டும் உள்ள மெஷினும் அதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும். ஆகவே ஆர்.ஓ. மெஷினே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். ஃபுளோரைடு அதிகமுள்ள போர்வெல்லை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அது தேவையான பொருள்தான். காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. நம் வீடு இதில் எந்த ரகம் என்பதை அந்த டம்ளர் சொல்லாது.

'3 வருஷ வாரன்டி' கணக்கு

மெஷின் வாங்க ஒப்புக்கொண்டதும் அடுத்த பேச்சு தொடங்கும். "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா 3 வருஷத்துக்குக் கவலையே இல்லைம்மா." கடையில் டி.வி., பிரிட்ஜ், போன் வாங்கினாலும் பில் போடும் இடத்தில் இதே வசனம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. 3 வருடத் திட்டத்தில் முதல் வருடம் பெரும்பாலும் கம்பெனியே சும்மா தரும் வாரன்டி. ஒரு கணக்குக்கு, 14,000 ரூபாய் மெஷினுக்கு 4,500 ரூபாயில் 3 வருடத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அந்தப் பணம் இரண்டு வருடத்துக்குத்தான். வருடத்துக்கு 2,250 ரூபாய். மெஷின் விலையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு! ரிப்பேரே வராவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

அடுத்தது, எதற்கு வாரன்டி என்பது. ஆர்.ஓ. மெஷினில் அடிக்கடி மாற்ற வேண்டியவை செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மெம்பிரேன். பல வாரன்டி அட்டைகள் இந்த மூன்றையும் 'தேய்மானப் பொருள்' என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றன. மிச்சம் இருப்பது பம்ப், அடாப்டர், வால்வு மாதிரியான உதிரிகள். ஃபில்டர் அளவுக்கு இவை அடிக்கடி மாற்ற வேண்டியவை அல்ல.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். 1,500 அல்லது 2,000-க்கு மேல் போனால் வாரன்டி செல்லாது என்று பல மாடல்களில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். தண்ணீர் மோசம் என்று சொல்லித்தான் மெஷினை விற்றார்கள். மெம்பிரேன் அடைத்துக்கொண்டதும், "தண்ணி ரொம்ப மோசம்க்கா, அதான் வாரன்டி கிடையாது" என்பார்கள்.

வாரன்டி செல்லாமல் போக இன்னும் பல வழிகள். பில்லில் சீரியல் நம்பர் இல்லை, சொன்ன நாளுக்குள் ஆன்லைனில் பதிவு செய்யவில்லை, வெளி மெக்கானிக் ஒருமுறை திறந்துவிட்டார், வோல்டேஜ் ஏறி இறங்கியதால் வந்த பழுது. சர்வீஸ் ஆள் சேலத்திலிருந்து வர வேண்டும் என்றால் 'விசிட் சார்ஜ்' தனி. அரூர், பென்னாகரம் பக்கம் உள்ள வீடுகள் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: "எங்க ஊருக்கு ஆள் வருவாங்களா, எத்தனை நாள்ல?" பதிலை வாயால் வாங்காமல், பில்லின் பின்னால் எழுதி வாங்குவது நல்லது.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமும் இப்படித்தான். கூலி மட்டும் தள்ளுபடி ஆகும் திட்டம் ஒன்று, உதிரிபாகம் சேர்ந்தது ஒன்று, ஃபில்டரும் மெம்பிரேனும் சேர்ந்தது இன்னொன்று. மூன்றையும் 'ஏ.எம்.சி.' என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். கடைசி ரகம் மட்டும், தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில், சில சமயம் கட்டுப்படியாகும்.

வாரன்டி விற்பனையில் உலகமே ஒரே மாதிரிதான். அமெரிக்காவில் 'கார்ஷீல்டு' என்ற நிறுவனம், கார் ரிப்பேர் செலவு பற்றிய கவலையே வேண்டாம் என்று பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்தது. பல ரிப்பேர்கள் திட்டத்துக்குள் வரவே இல்லை என்று புகார் எழுந்து, 2024 ஜூலையில் 1 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பிரிட்டனில் 2005-ல் வந்த ஆணைப்படி, வீட்டு மின்சாதனங்களுக்கு வாங்கிய கூடுதல் வாரன்டியை 45 நாட்களுக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம்.

ஆன்லைனில் வாங்கினால்?

போனில் ஆர்டர் போடும்போது, நாம் கேட்காமலே 'புரொடெக்‌ஷன் பிளான்' ஒன்று கார்ட்டில் ஏறி உட்கார்ந்திருந்தால் அது விதிமீறல். முன்கூட்டியே டிக் செய்த பெட்டி மூலம் சம்மதம் வாங்குவதை 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று வெளியான 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. பணம் கட்டும் கடைசித் திரையில் மொத்தத் தொகையை ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் சிக்கிவிடும்.

இன்னொரு வலையும் உண்டு. மெஷின் பழுதானதும் கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்கு போன் போடுவது. அதில் மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்களும் கலந்திருக்கும். "10 ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன்" என்று லிங்க் அனுப்புவார்கள், இல்லை என்றால் ஸ்கிரீன் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். எண்ணை மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ பில்லிலோ பார்ப்பதுதான் பாதுகாப்பு. பணம் போய்விட்டது என்றால் உடனே 1930. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஏற்கெனவே வாங்கியாச்சு, என்ன செய்வது?

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் தேவை என்று பொய்யாகச் சொல்லி நம்பவைப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில் தர மறுப்பதும் அப்படியே. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. இதற்குப் பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் மட்டும் கடைக்காரர் தப்பித்துவிட முடியாது.

முதலில் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். நிறுவனத்திடம் அவர்களே பேசிப் பார்ப்பார்கள். தீரவில்லை என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 வருடங்களுக்குள் போக வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் போனிலிருந்தே புகார் பதியலாம்.

பெங்களூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி.

கையில் இருக்க வேண்டியவை: பில், வாரன்டி அட்டையின் போட்டோ, விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ். "காசு அப்புறம் குடுங்க, ஆதார் மட்டும் போதும்" என்று சொல்லி விற்றிருந்தால், அம்மா பெயரில் இ.எம்.ஐ. கடன் ஏதும் தொடங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மெஷினுக்கு முன்னால் ஒரு பாட்டில்

இன்னும் வாங்கவில்லை என்றால், தண்ணீரை உண்மையாகவே சோதிக்க வழி இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. தனி நபரும் சிறு கட்டணத்தில் மாதிரி கொடுக்கலாம். சுத்தமான 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும், கண்ணாடி வேண்டாம். மோட்டாரைப் போட்டுச் சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். எந்த ஊர், போர்வெல்லா குழாயா, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, "ஃபுளோரைடு பார்க்கணும்" என்று கேட்டுக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தால் இரண்டு பாட்டில். ஒன்று மெஷினுக்குள் போகும் தண்ணீர், இன்னொன்று வெளியே வரும் தண்ணீர். மெம்பிரேன் மாற்றி வெகு நாளாகியிருந்தால் இரண்டாவது பாட்டிலின் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.