விளக்கு சொல்வது பாதி, மீட்டர் சொல்வது மீதி

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டினால் பந்தல்குடி வரும். சுற்றிலும் கரிசல் காடு. அங்கே ஒரு கார் வேகமாக வருவதாக வைத்துக்கொள்வோம். திடீரென்று ஓர் ஆடு குறுக்கே ஓடுகிறது! ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கிறார். கார் என்ன ஆகும்?

1997-இல் சுவீடனில், குறுக்கே வரும் பெரிய மானுக்கு ஒதுங்குவதுபோல ஒரு புதிய காரை ஓட்டிச் சோதித்தார்கள். கார் கவிழ்ந்தது! பிறகு அந்த வகைக் கார்கள் அனைத்திலும் 'நிலைப்புக் கட்டுப்பாடு' என்னும் மின்னணு அமைப்பைப் பொருத்தினார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதை ஓர் உணரி சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இன்னோர் உணரி சொல்கிறது. சக்கரங்களின் வேகத்தை நான்கு உணரிகள் சொல்கின்றன. இவை பொருந்தாவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவருகிறது.

ஓர் உணரியின் கம்பி அறுந்தால்? அமைப்பு தன்னை நிறுத்திக்கொண்டு மஞ்சள் விளக்கை எரியவிடும். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஆடு குறுக்கே வரும்போது அந்தத் துணை இராது.

மெக்கானிக் சோதனைக் கருவியைச் செருகுகிறார். "முன் இடது சக்கர உணரி: சிக்னல் இல்லை" என்கிறது அது. உடனே புது உணரி வாங்கிவிடலாமா? பொறுங்கள்! கருவி பழுதான மின்சுற்றைத்தான் காட்டும். குற்றவாளி உணரியா, கம்பியா, இணைப்பா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய வகை உணரி, சைக்கிள் டைனமோவின் தம்பி. பல்சக்கரம் சுழலும்போது காந்தப்புலம் மாறி, கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. சுருளின் தடை 1,000 ஓம் என்று கொள்வோம். சாவியை அணைத்து, பெட்டியின் பக்கமுள்ள இணைப்பைக் கழற்றி, உணரிக்குப் போகும் இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரை வைக்கிறார் மெக்கானிக். எல்லையற்ற தடை காட்டினால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. சுழியை ஒட்டிக் காட்டினால் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன.

சரியாக 1,000 ஓம் காட்டுகிறதே! பழுதே இல்லையா? மீட்டரை எடுக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்கிறார். உடனே எல்லையற்ற தடை! நேராக்கினால் மறுபடி 1,000. உணரியிலேயே நேரடியாக அளந்தால் தடை மாறவேயில்லை. ஆகவே சுருள் நல்லது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைந்து நிமிர்ந்த கம்பி, உறைக்குள்ளே அறுந்திருக்கிறது. நேராக இருக்கையில் அதன் முனைகள் தொட்டுக்கொள்கின்றன. காரைத் திருப்பும்போது, அதாவது துணை தேவைப்படும் அதே நேரத்தில், விலகிவிடுகின்றன!

புதிய வகை உணரிகளுக்குள் மின்னணுச் சுற்று உண்டு. அவற்றை இப்படி ஓமில் அளக்கக்கூடாது. அவற்றுக்கு மின்சாரம் வந்து சேர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்: டார்ச் செல், பல்பு, பழைய கம்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியை ஒரே இடத்தில் பலமுறை வளைத்து, உள்ளே அறுந்தபின் சுற்றில் இணையுங்கள். மெல்ல வளைத்தும் நிமிர்த்தியும் பாருங்கள். பல்பு எப்போது அணைகிறது?