முட்டைக்கு மெத்தை போடுங்க பாஸ்!

ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் நாள் என்ன பார்ப்பீங்க? ஃபேன் சுத்துதா, சார்ஜர் பாயின்ட் இருக்கா, கட்டில் மெத்தை எப்படி இருக்கு! மெத்தை சரியில்லைன்னா வார்டன் ரூம் வாசல்ல போய் நிப்பீங்க. கோழிக்கும் அதே கவலைதான். ஆனா, அது யார்கிட்டயும் கம்ப்ளெய்ன்ட் பண்ணாது. நேரா வைக்கோல் போர் பக்கமோ, அடுத்த வீட்டு விறகு அடுக்குக்குள்ளயோ போய் முட்டையைப் போட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வந்துடும்!

சிரிச்சுட்டு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்கள்ல பல பேர் வீட்ல பத்து இருபது நாட்டுக்கோழி இருக்கும். அந்த முட்டைக் காசு பெரும்பாலும் அம்மாவோட சிறுவாடு. எக்ஸாம் ஃபீஸ் கட்டக் கடைசி நாள்ல அஞ்சறைப் பெட்டியில இருந்து வந்துச்சே, அதே பணம்தான். அதனால இது உங்க மேட்டரும்கூட.

ஒரு சின்ன கணக்கு...

பண்ணையில வளர்ற வெள்ளை லேயர் கோழி வருஷத்துக்கு 300 முட்டை வரைக்கும் போடும், அதைத் தாண்டியும் போடும். வீட்ல மேயுற நாட்டுக்கோழி? சுமார் 60-லிருந்து 80தான். 20 கோழி, ஆளுக்கு 70 முட்டைன்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 1,400. அதுல பத்துக்கு ஒண்ணு உடைஞ்சோ, எச்சம் பட்டோ வீணாச்சுன்னா 140 முட்டை காலி. அதாவது, ரெண்டு கோழிக்கு வருஷம் முழுக்கத் தீனி போட்டு, பைசா பார்க்காம விட்டதுக்குச் சமம்!

இந்த நஷ்டத்துல ஒரு பெரிய பங்கைக் குறைக்க மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். முட்டையிடற பெட்டிக்குள்ள என்ன விரிக்கிறோம்கிறதுல கொஞ்சம் கவனம் போதும்.

அந்த முதல் சில நிமிஷம்

முட்டை வெளியே வர்றப்போ அதோட சூடு கோழியோட உடம்புச் சூடுதான், ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். ஓட்டு மேல ஒரு ஈரப் பூச்சு இருக்கும். சில நிமிஷத்துல அது காய்ஞ்சு, கண்ணுக்குத் தெரியாத கவசமா மாறிடும். ஓட்டுல ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கு. அதுக்கெல்லாம் மூடி போடறது இந்தப் பூச்சுதான்.

சிக்கல் எங்கேன்னா, வெளிக்காத்துல முட்டை ஆறும்போது உள்ளே இருக்கிறது சுருங்கும். அப்போ அந்தத் துளைகள் வழியா காத்தை உள்ளே இழுக்கும். அவிச்ச முட்டையை உரிக்கிறப்போ மொட்டைப் பக்கம் ஒரு பள்ளம் தெரியுதே, அந்தக் காத்தறை இப்படி உண்டானதுதான். பூச்சு காயாத அந்த நேரத்துல முட்டை ஈர எச்சத்து மேல கிடந்தா, காத்தோட சேர்ந்து கிருமியும் உள்ளே போகும். அந்த முட்டையை அடை வெச்சா 21 நாள் காத்திருந்தது வீணாகலாம். குஞ்சு பொரிஞ்சாலும் சீக்காளியா இருக்கலாம்.

'அழுக்குன்னா கழுவிட்டாப் போச்சு'ன்னு நினைக்கிறீங்களா? கழுவினா அந்தக் கவசமும் சேர்ந்து போயிடும். பச்சைத் தண்ணின்னா இன்னும் மோசம். முட்டை சட்டுனு குளிர்ந்து, அழுக்குத் தண்ணியையே உள்ளே இழுத்துக்கும். அமெரிக்காவுல பெரிய பண்ணைகள் முட்டையைக் கழுவித்தான் விக்கணும், அதுக்கப்புறம் குளிர்லயே வெச்சிருக்கணும். ஐரோப்பிய யூனியன்ல கடைக்கு வர்ற முதல் தர முட்டையைப் பொதுவா கழுவவே கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாம கூடையில வெச்சு விக்கிற நமக்கு ரெண்டாவது வழிதான் சரிப்படும். அழுக்கானப்புறம் கழுவறதைவிட, அழுக்காகாமப் பார்த்துக்கறது!

நாமக்கல் கூண்டுப் பண்ணைகள்ல இந்தத் தலைவலி கிடையாது. சரிவான கம்பி வலைத் தரை. முட்டை போட்டதும் உருண்டு முன்னாடி வந்துடும். நம்ம வீட்டுக் கோழிக்குத்தான் படுக்கை வேணும்.

எதை விரிக்கலாம்?

உமி: ரைஸ் மில் இருக்கிற ஊர்ல சுலபமா கிடைக்கும். காய்ஞ்ச உமி முட்டைக்கு நல்ல குஷன். ஆனா, வழுக்கி வழுக்கி மூலைக்கு ஒதுங்கிடும், கோழி சீய்ச்சு வெளியே தள்ளிடும். நடுவுல வெறும் பலகை தெரியும். அடுத்த முட்டை அதுலதான் விழுந்து விரியும். பெட்டி முன்னாடி 4 அங்குலத்துக்கு ஒரு தடுப்புப் பலகை அடிச்சா பிரச்னை தீர்ந்தது.

வைக்கோல்: கோழிகளோட ஃபேவரிட். படுத்தாலே குழி விழுந்து கூடு மாதிரி ஆகிடும். நீளமா அப்படியே போடாதீங்க, கால்ல சுத்திக்கிட்டு முட்டையையும் சேர்த்து இழுத்துட்டு வரும். ஒரு சாண் நீளத்துக்கும் குறைவா நறுக்கிப் போடுங்க. முக்கியமா, மழையில நனைஞ்ச வைக்கோலை எவ்வளவு காய வெச்சாலும் தொடாதீங்க. அதுல பிடிச்ச பூஞ்சணத்தோட வித்து மூச்சு வழியா உள்ளே போய் குஞ்சுகளோட நுரையீரலைக் கெடுத்துடும்.

மரச் சீவல்: இழைப்புளியில சீவி விழற சுருள் சூப்பர் சாய்ஸ். ஈரத்தை இழுக்கும், மெத்து மெத்துன்னு இருக்கும். அதுக்குப் பதிலா பவுடர் மாதிரி மரத்தூளை அள்ளிட்டு வந்துடாதீங்க. தூசி கோழிக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. பிளைவுட் அறுத்த தூள் வேண்டவே வேண்டாம், அதுல பசை கலந்திருக்கும்.

தென்னை நார்க்கழிவு: பொள்ளாச்சிப் பக்கத்து ஆளுங்களுக்குக் கைக்கெட்டுற பொருள். தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியைக் குடிச்சுக்கும். அதுதான் பலம், பலவீனமும் அதுதான். ஈரமாகிட்டா ஓட்டுல அப்பிக்கும். கோழி நடமாடுற தரைக்கு ஓகே. முட்டைப் பெட்டியில போட்டா நல்லா காய்ஞ்சதா, அடியில மட்டும்.

மணல்: வெயில் காலத்துல குளுகுளுன்னு இருக்கும், செல் மாதிரி பூச்சிங்க ஒளிய இடம் குறைவு. ஆனா, மெத்துன்னு இருக்காது. மார்கழிக் குளிர்ல முட்டைச் சூட்டை உறிஞ்சிடும். அடியில மணல், மேல வைக்கோல்னா ரெண்டும் பேலன்ஸ்.

நியூஸ் பேப்பர்: படிக்க மட்டும்! நனைஞ்சா கூழாகிடும், காய்ஞ்சா வழுக்கும். வழுக்குற இடத்துல பொரிக்கிற குஞ்சுக்குக் கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு, நிக்க முடியாமப் போகலாம்.

ஸோ, எது பெஸ்ட்? அடியில ரெண்டு அங்குலம் உமி, மேல ரெண்டு அங்குலம் நறுக்கின வைக்கோல். நெல் விளையற ஊர்ல இதை அடிச்சுக்க ஆள் இல்லை. பாட்டி அடை வைக்கிற கூடையை எட்டிப் பாருங்க. வரமிளகாயும் கரித்துண்டும் இரும்பு ஆணியும் வெச்சிருப்பாங்க. அதுக்காக அவங்களோட பட்டிமன்றம் நடத்தாதீங்க. அதுக்குக் கீழ என்ன விரிச்சிருக்காங்கன்னு கவனிங்க. அந்த ஊருக்குத் தோதான பொருள் அதுவாத்தான் இருக்கும்.

கைப்பிடி டெஸ்ட்

எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிச்சுட்டு, கையைத் திறங்க. பொலபொலன்னு உதிர்ந்தா பாஸ். உருண்டையா நின்னா ஈரம், ஃபெயில். முகர்ந்து பாருங்க. முக்கல் வாடை வந்தா பூஞ்சணம், அதுவும் ஃபெயில். அரியர் எழுத சான்ஸே கிடையாது, நேரா எருக்குழிதான்!

மினி ப்ராஜெக்ட் தேடுறீங்களா?

விலங்கியல், வேளாண்மை, புள்ளியியல் மாணவர்களே, இதைப் பிடிச்சுக்குங்க. நாலு பெட்டி, நாலு வகை படுக்கை. ஒரு மாசம் தினமும் எந்தப் பெட்டியில எத்தனை முட்டை, அதுல சுத்தம் எத்தனை, விரிசல் எத்தனைன்னு நோட்டுல குறிங்க. ஒரு எச்சரிக்கை... கோழிக்கு இருட்டு மூலைன்னா உசுரு. மூலைப் பெட்டியில முட்டை நிறைய இருந்தா அது படுக்கையால வந்ததா, மூலையால வந்ததான்னு தெரியாது. அதனால வாரா வாரம் பெட்டிகளை இடம் மாத்தி வைங்க. முடிவை நெட்ல தேட வேண்டாம். உங்க ஊர் வெயில், உங்க ஊர் ஈரம், உங்க வீட்டுக் கோழி சொல்றதுதான் ரிசல்ட்.

ஊருக்குப் போனதும் செய்ய...

* நாலஞ்சு கோழிக்கு ஒரு பெட்டி. அடி நீளம், அடி அகலம், அடி உயரம் போதும்.

* கோழி ராத்திரி உட்கார்ற கம்பு பெட்டியைவிட உயரமா இருக்கட்டும். இல்லைன்னா பெட்டிக்குள்ளயே தூங்கி எச்சம் போட்டுடும்.

* பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பந்து வெச்சுப் பழக்குங்க. 'ஏற்கெனவே முட்டை இருக்கு, சேஃப்பான இடம்'னு கோழி நம்பிடும்.

* முட்டைகளை ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது எடுங்க. ஒண்ணு உடைஞ்சு ருசி பார்த்துட்டா, கோழி தன் முட்டையைத் தானே கொத்த ஆரம்பிச்சுடும். அந்தப் பழக்கத்தை நிறுத்தறது கஷ்டம்.

* எச்சத்தைத் தினமும் பொறுக்கி எடுங்க. நனைஞ்சா அன்னிக்கே மாத்துங்க. நனையலைன்னாலும் மாசத்துக்கு ஒரு தடவை மொத்தத்தையும் கொட்டி, பெட்டியை வெயில்ல காய வைங்க. செல் பலகை இடுக்குலதான் குடியிருக்கும்.

* லேசா அழுக்கான முட்டையைக் காய்ஞ்ச துணியால துடைச்சு, வீட்ல சீக்கிரம் நல்லா வேக வெச்சு சாப்பிடுங்க. அடைக்கு சுத்தமானதை மட்டும் எடுத்து வைங்க.

பழைய படுக்கையைத் தூக்கிப் போட வேண்டாம், மக்க வெச்சா கத்தரிச் செடிக்கு உரம். ஆக மொத்தம், செலவு ஒரு மூட்டை உமி, ஒரு கட்டு வைக்கோல், உங்க லீவுல அரை நாள். வரவு? வருஷக் கடைசியில அம்மாவோட அஞ்சறைப் பெட்டியைக் கேளுங்க!